பால்மரமும் அழும் மரமும்

பால்மரம் என்னும் பெயரைத் தோட்டத் தமிழர் தாமே படைத்துக்கொண்டனர். புலவர் எவரும் ஆக்கித் தந்த சொல் அன்று அது. விடியற்காலையில் உளி பட்டதும் பட்டையிலிருந்து வெண்மையாக வழிந்து மங்கில் நிறைந்ததைக் கண்டவர்கள் அதைப் பால் என்றனர்; மரம் பால்மரம் ஆயிற்று, வேலை பால்வெட்டு ஆயிற்று. இம்மரத்தின் தாயகமாகிய தென் அமெரிக்காவிலோ ஸ்பானிய மொழி பேசுவோர் அதன் பாலைக் 'கௌச்சோ' என்பர். பழங்குடியினர் மொழியிலிருந்து ஸ்பானியம் கடன் பெற்ற சொல் அது. 'அழும் மரம்' என்று அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் அப்பொருள் நிற்குமோ நில்லாதோ, அந்த நாட்டு இலக்கியத்தைப் படிப்போர்க்கு அது பொருந்தாத பொருளாகத் தோன்றாது.

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைப் பற்றித் தமிழ் வாசகர் அறிந்திருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களின் வழியாகவே. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவைக் கவிதை விரும்புவோர் அறிவர். கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் எழுதிய பெருநாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்னும் பெயரில் 2013இல் தமிழில் வெளிவந்தது. அந்நாவலில் வாழைத் தோட்டத் தொழிலாளர் சுடப்படும் பகுதியைப் படித்த தோட்டத்துப் பிள்ளை எவரும் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார். எஞ்சியவை காளைச் சண்டை, கித்தார், காற்பந்து ஆகியவை. ஒரு நாட்டாரின் வாழ்வை அறிய இவை போதா. கெடா மாநிலத்துத் தமிழருக்கோ அந்நாடுகளுக்குள் நுழைய இவற்றினும் பொருத்தமான வாயில் ஒன்று உண்டு. அது ரப்பர்.

1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் பின்னர் நிரை நிரையாக நின்ற மரங்களுக்கெல்லாம் மூதாதை அந்த விதைகளே. கதையின் இந்தப் பகுதியை ஆரம்பப் பள்ளி மாணவரும் ஒப்புவிப்பர். விதை புறப்பட்ட நாட்டில் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதைச் சொல்லும் நூல் ஸ்பானிய மொழியில் 1924ஆம் ஆண்டு கொலம்பியாவின் தலைநகரான பொகொத்தாவில் வெளிவந்தது. ஹோசே எயுஸ்தாசியோ ரிவேரா எழுதிய 'லா வொராஹினே' என்பது அந்நாவல். 'சுழல்' என்று அதைத் தமிழில் அழைக்கலாம்.

ரிவேரா சட்டம் பயின்றவர்; நாவலுக்கு முன் கவிதை நூல் ஒன்றால் பெயர் பெற்றவர். 1922இல் கொலம்பியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையே எல்லை வகுக்கும் குழுவில் ஒருவராகக் காட்டிற்குள் சென்றார். ரப்பர் எடுப்போர் பட்ட பாட்டை அங்கே கண்டும் கேட்டும் எழுதினார். 1928இல், நாற்பதாம் வயதில், நியூயார்க் நகரில் மறைந்தார். அவர் எழுதிய நாவல் இஃது ஒன்றே.

கதைத் தலைவன் அர்த்தூரோ கோவா ஒரு கவிஞன். அலிசியா என்னும் பெண்ணுடன் தலைநகரைவிட்டு ஓடிப் புல்வெளி நாட்டை அடைகிறான். தமிழாசிரியர்க்கு இத்தொடக்கம் உடனே பிடிபடும்: இஃது உடன்போக்கு. ஆனால் அகப்பாடலின் உடன்போக்கில் பாலை நிலத்தின் வெம்மையைக் காதல் தணிக்கும். இங்கே தணிக்கக் காதலே இல்லை. அலிசியாவைத் தான் விரும்புகிறானா என்பதே கோவாவுக்குத் தெளிவாகத் தெரியாது. அவன் வேறு நினைவாக இருக்கும் வேளையில் பரேரா என்பவன் வருகிறான். காட்டில் பொன் விளைகிறது, கைநிறையக் கூலி கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள் சேர்ப்பவன் அவன். அவன் பேச்சில் மயங்கி அலிசியாவும் அவனோடு போகும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறாள். மீட்கவோ பழிவாங்கவோ என்று தனக்கே விளங்காமல் கோவா பின்தொடர்ந்து காட்டில் நுழைகிறான். காடு அவர்களை விழுங்குகிறது.

பரேராவின் தொழிலுக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயர் கொக்கியில் மாட்டி இழுப்பவன் என்னும் பொருளது. கெடாத் தோட்டத்து முதியோரிடம் இச்சொல்லைச் சொன்னால் அடுத்த நொடியே இணைச்சொல் வரும்: ஆள்கட்டி. கப்பல் ஏறுமுன் முன்பணம், தோட்டம் சேர்ந்ததும் கணக்குப் புத்தகத்தில் கடன், கடன் தீரும்வரை கால் பெயரக் கூடாது. இவை இரு கண்டங்களிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை போல் உள்ளன. வேறுபாடும் பெரிதே. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக வருவது 1938வரை நடந்தது. கொடுமைகள் பல இருந்தும் சட்டம் என ஒன்றும் புகார் கேட்க ஓர் அதிகாரியும் பெயரளவிலாயினும் இருந்தனர். புத்துமாயோ ஆற்றங்கரையில் அதுவும் இல்லை. அரானா என்னும் பெரு நாட்டு வணிகரின் நிறுவனம் இலண்டனில் 1907இல் பதிவு பெற்றது. அதன் காட்டில் பழங்குடியினர் அடித்தும் பட்டினி போட்டும் சுட்டும் கொல்லப்பட்டனர். ரோஜர் கேஸ்மெண்ட் நேரிற் சென்று விசாரித்து எழுதிய அறிக்கையைப் பிரிட்டிஷ் அரசு 1912இல் வெளியிட்டது. ரிவேராவின் நாவலில் அரானா தம் உண்மைப் பெயருடனேயே வருகிறார். அறிக்கை சொன்னதைக் கதையாக மீண்டும் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். அறிக்கை இலண்டன் மக்களுக்காக எழுதப்பட்டது. நாவல் கொலம்பிய மக்களுக்காக எழுதப்பட்டது. தம் நாட்டின் கோடியில் நடந்ததைத் தலைநகரத்தார் கேளாதிருந்தனர் என்பதே ரிவேராவின் சினம்.

நாவலின் உயிர் கோவா அல்லன்; கிளெமெந்தே சில்வா என்னும் முதியவர். காட்டு வழி அறிந்த வழிகாட்டி அவர். வீட்டைவிட்டு ரப்பர்க் காட்டுக்கு ஓடிய மகன் லூசியானோவைத் தேடிப் பல ஆண்டுகள் அலைகிறார். தேடுவதற்காகவே கூலியாகிறார், கூலியானதால் கடனாளியாகிறார், கடனாளியானதால் தேட முடியாமற் போகிறார். இந்த முடிச்சு எந்தத் தத்துவ விளக்கத்தையும்விடக் கடன் அடிமை முறையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. இங்கும் அகப்பொருள் மரபு நினைவிற்கு வருவது இயல்பு. உடன்போன மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்லும் செவிலிக்கு எதிர்வரும் கண்டோர் ஆறுதல் கூறுவர். மகள் அறவழியே சென்றாள், வருந்தற்க என்பர். சில்வாவின் காட்டில் ஆறுதல் கூறக் கண்டோர் இல்லை. கண்டவர்கள் இறந்துபோனார்கள், அல்லது வாய் திறக்க அஞ்சுகிறார்கள். மகன் இறந்ததை அறிந்தபின் அவர் வேண்டுவது எலும்புகளை மட்டுமே. அவற்றைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்துச் சுமக்கிறார்.

அவர் கதையில் ஓர் இடம் பால்மரம் வெட்டியவர் எவரையும் உலுக்கும். காட்டை ஆராய வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் படப்பெட்டியோடு வருகிறார். வெட்டுத் தழும்புகள் நிறைந்த ரப்பர் மரத்தைப் படமெடுக்க முனைகிறார். அம்மரத்தின் அருகே சில்வா தம் சட்டையைக் கழற்றிச் சவுக்கடித் தழும்புகள் நிறைந்த முதுகைக் காட்டி நிற்கிறார். இரண்டு காயங்களும் ஒரே படத்தில் பதிகின்றன. அந்தக் காட்சியில் ரிவேராவின் மொழி வழக்கமான ஆரவாரத்தைக் கைவிட்டு அடங்கிவிடுகிறது. நூல் முழுதும் இவ்வாறு அடங்கியிருந்தால் அது இன்னும் உயர்ந்த நூலாகியிருக்கும்.

ஏனெனில் குறைகள் உண்டு. கோவா ஓயாது தன்னைப் பற்றிப் பேசுகிறான். ஒவ்வொரு மாலை நேரமும் அவனுக்குக் கவிதையாகிவிடுகிறது. உரைநடையில் செய்யுளோசை மிகுந்துவிட்டது என்று முதற்பதிப்பைப் பற்றி எழுந்த குறையை ஆசிரியரே ஓரளவு ஏற்றுப் பின் பதிப்புகளில் திருத்தினார். கோவாவின் ஆரவாரம் அவன் பொய்ம்மையைக் காட்டுவதற்காகவே அமைக்கப்பட்டது என்று வாதிடும் திறனாய்வாளர் உளர். அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆயினும் பெண்களைப் பற்றி அவன் கூறும் இழிவுரைகளை மறுக்க நாவலில் வேறு குரல் எழவில்லை. அதைவிடப் பெரிய குறை, காட்டிற்கு உரியவர்களான பழங்குடியினர் நூலில் படகு தள்ளுகிறார்கள், சுமை தூக்குகிறார்கள், சாகிறார்கள், பேசுவதில்லை. அவர்களுக்காக இரங்கும் ஆசிரியர் அவர்கள் பெயரைக் கூடக் கேட்டறிய நினைக்கவில்லை. அடிமைப்பட்ட வெள்ளையர், கலப்பினத்தார் ஆகியோரின் துயரமே அவர் நெஞ்சை முதலில் தொட்டது.

அந்தக் குறையை நீக்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. நீக்கியது மற்றொரு நாவல் அன்று, திரைப்படம். கொலம்பிய இயக்குநர் சீரோ குவேரா 2015இல் வெளியிட்ட 'சர்ப்பத்தின் தழுவல்' அது. ஆஸ்கார் பரிசுக்கு அயல்மொழிப் படப் பிரிவில் இறுதிப் பட்டியல்வரை சென்ற முதற்கொலம்பியப் படம் என்பது பலர் அறிந்த செய்தி. ஜெர்மானியர் தியோடோர் கோக் குரூன்பெர்க், அமெரிக்கர் ரிச்சர்டு எவான்ஸ் சுல்டெஸ் ஆகிய இரு ஆராய்ச்சியாளரின் எழுத்துகளைத் தழுவி, 1909இலும் 1940இலும் நிகழும் இரு பயணங்களைப் படம் பின்னிச் செல்கிறது. இரு பயணங்களிலும் வழிகாட்டி ஒருவரே: தன் இனத்தில் தான் ஒருவனே எஞ்சியதாக எண்ணும் கராமகாத்தே என்னும் மருத்துவர். இளமையில் நில்பியோ தோரெஸும் முதுமையில் அந்தோனியோ பொலிவாரும் அப்பாத்திரத்தை ஏற்றனர். இருவரும் அந்நிலத்துப் பழங்குடி மக்களே. ரிவேராவிடம் துடுப்புப் போட்டவன் இப்படத்தில் கதையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். வெள்ளையர் அவனைக் காண வருகிறார்கள். அவர்கள் பேசுவதை அவன் சோதிக்கிறான், சிரிக்கிறான், சில வேளைகளில் கோபித்து எழுந்து போகிறான்.

படத்தில் ரப்பர் நேராகத் தோன்றுவது ஒரு சில நிமிடங்களே. காட்டு வழியில் மரங்களிலிருந்து பால் சொட்டும் வாளிகளைக் கண்ட மந்துகா என்னும் பழங்குடியினன் வெறிகொண்டு அவற்றைக் கவிழ்த்துவிடுகிறான். அவனும் முன்பு அக்கொடுமையில் சிக்கி மீண்டவன். அப்போது உடல் சிதைந்த தொழிலாளி ஒருவன் ஓடிவந்து, மண்ணில் சிந்திய பாலைக் கைகளால் அள்ளி வாளியில் போட முயல்கிறான். பின் தன்னைக் கொன்றுவிடுமாறு மன்றாடுகிறான். பால் குறைந்தால் என்ன நேரும் என்பது அவனுக்குத் தெரியும். காண்டா வாளி கவிழ்ந்த நாளில் மண்டோரின் முகத்தை நிமிர்ந்து பாராமல் நின்றவர்களின் பிள்ளைகள் இக்காட்சியை விளக்கவுரையின்றி உணர்வர். விடுதலை செய்வதாக எண்ணி ஒருவன் செய்த செயல் மற்றொருவனுக்குச் சாவாக முடிகிறது. இயக்குநர் இங்கே எவரையும் நல்லவர் கெட்டவர் என்று பிரித்துக் காட்ட முயலவில்லை.

ஆசிரியர்கள் நின்று பார்க்க வேண்டிய பகுதி அடுத்து வருகிறது. ஆற்றங்கரையில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் பழங்குடி அநாதைச் சிறுவரைக் காக்கிறார். சோறு போடுகிறார், எழுத்துக் கற்பிக்கிறார், வெள்ளை ஆடை அணிவிக்கிறார். ரப்பர்க் கொடுமையிலிருந்து அவர்களைக் காத்தவரும் அவரே. ஆனால் தம் மொழியில் ஒரு சொல் பேசினாலும் சிறுவர்க்குச் சவுக்கடி. கராமகாத்தே இரவில் அச்சிறுவரைத் தனியே கூட்டித் தங்கள் பழங்கதைகளையும் மருந்துச் செடிகளையும் மறவாதிருக்கச் சொல்லித் தருகிறான். ஒரே இடத்தில் பகலில் ஒரு பள்ளி, இரவில் ஒரு பள்ளி. ஸ்பானியப் பண்பாடு என்று ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுவதன் உள்ளே எத்தனை மொழிகள் அமிழ்ந்து கிடக்கின்றன என்பதை இதைவிட நன்றாகப் பாடநூல் காட்டாது. படம் முழுவதும் ஸ்பானியத்தைவிடப் பழங்குடி மொழிகளே மிகுதியாக ஒலிக்கின்றன. கெடாவில் லயத்தின் ஓரத்தில் அத்தாப்புக் கூரையின்கீழ் தொடங்கிய தோட்டப் பள்ளிகளுக்கு எத்தனையோ குறைகள் இருந்தன. கிராணியே ஆசிரியராகவும் இருந்த காலமும் உண்டு. ஆயினும் அங்கே பகல் நேரத்திலேயே தமிழ் ஒலித்தது. பிள்ளை தன் தாய்மொழியில் அரிச்சுவடி படித்ததற்காக அடிபடவில்லை. எழுத்து தவறியதற்காக அடிபட்டது வேறு செய்தி.

படத்திற்கும் குறை உண்டு. கராமகாத்தேயின் இனமும் அவன் தேடும் மூலிகையும் கற்பனை. உண்மையான புத்துமாயோ மக்களின் வரலாறு கண்முன் இருக்கையில் மாய மூலிகை ஒன்று எதற்கு என்ற வினா எழாமல் இல்லை. இறுதியில் கறுப்பு வெள்ளை நீங்கி வண்ணக் கோலங்கள் தோன்றும் பகுதி, பார்ப்பவரை வியக்க வைக்கச் சேர்த்த ஒன்றாகவே படுகிறது. ஆனால் அதற்குச் சற்று முன் வரும் செய்தி இந்நாட்டாருக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் பயணத்தில் வந்த அமெரிக்கன் மூலிகைக்காக மட்டும் வரவில்லை. நோய் தாக்காத ரப்பர் மரம் தேடி வந்தவன். ஜப்பானியப் படை முன்னேற்றத்தால் கிழக்கிலிருந்து ரப்பர் வருவது தடைப்படுகிறது என்பதே காரணம். கதைக்கு ஆண்டு 1940 எனினும், அச்சம் உண்மையானது 1941 டிசம்பரில். அம்மாதம் ஜித்ரா முறிந்தது. கெடா ஜப்பானியர் கைக்குச் சென்றது. தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. அமெரிக்கர் அமேசான் காட்டில் மீண்டும் காட்டு ரப்பர் தேடிய அதே காலத்தில் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு முனையில் மரம் நின்றதால் மறுமுனையில் காடு அதிர்ந்தது. 1913 அளவில் இதற்கு நேர்மாறாக நடந்திருந்தது. சிங்கப்பூரில் ரிட்லி கண்ட, மரத்தைக் கொல்லாது பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையும் தமிழர் உழைப்பும் சேர்ந்து தோட்ட ரப்பரைப் பெருக்கின. விலை வீழ்ந்து அமேசான் ரப்பர் வணிகம் சரிந்தது. சில்வாவின் எசமானரை வீழ்த்தியது எந்த நீதிமன்றமும் அன்று.

இவற்றைப் படித்துப் பார்த்தபின் தோட்டத் தமிழ் இலக்கியத்தைத் திரும்பி நோக்கினால் சில செய்திகள் புலப்படுகின்றன. அகிலன் இந்நாட்டிற்கு வந்து கண்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' ரிவேராவின் நூலைப் போலவே வந்து சென்றவர் எழுதியது. அன்பும் அக்கறையும் உண்டு, உளி பிடித்த கையின் காய்ப்பு இல்லை. சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' அவ்வாறன்று. வேலை கிடைக்கும் என்று நம்பிப் பகாங் காட்டுக்குள் சென்று மீள முடியாமற் சிக்கிய தோட்டத் தமிழரின் கதை அது. உண்மை நிகழ்ச்சியை அடியாகக் கொண்டது. புத்துமாயோவுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ் நாவல் அதுவே எனலாம். கொக்கி எறிபவனும் கணக்கும் காவலும் அங்கேயும் உண்டு. திரையில் 'சர்ப்பத்தின் தழுவல்' வந்த அதே 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. தோட்டம் கலைந்தபின் புறநகரில் ஒதுங்கிய குடும்பத்துச் சிறுவனின் கதை அது. அதில் தமிழ் பேசும் தோட்டத்துப் பிள்ளைக்குக் கராமகாத்தேயின் இடம் கிடைத்தது: பிறர் இரங்கிச் சொல்ல வேண்டாமல் தன் கதையைத் தானே சொல்லும் இடம்.

ஆனால் ரிவேராவிடம் கண்ட குறை இங்கும் உண்டா என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பாலிங் வட்டாரத்தில் கென்சியு என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். அவர்கள் மொழியைப் பேசுவோர் மிகச் சிலரே. கெடா 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கிற்கு மாறியபின் காடுகள் வெட்டுண்டு தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டியவர் படும் துயரம் தமிழ்க் கதைகளில் உண்டு. வெட்டுமுன் அக்காட்டில் இருந்தவர் யார் என்ற வினா மிக அரிதாகவே எழுகிறது. எழுந்தாலும் தேன் விற்க வருபவராகவோ மருந்து வேர் தருபவராகவோ ஒரு பக்கத்தில் தோன்றி மறைகின்றனர். சில்வாவின் முதுகைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரரின் படப்பெட்டியில் பின்னால் நின்ற பழங்குடியினர் விழவில்லை. தோட்டத் தமிழ் நாவலின் படப்பெட்டியும் இதுவரை பெரும்பாலும் அதே கோணத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அயல்நாட்டு நூல் ஒன்று படித்த பயன் என்று சொல்ல இவ்வொரு வினா போதும்.

சுங்கைப் பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கழகத்து மாணவர்க்கும் மேல்வகுப்பு இலக்கிய வட்டங்களுக்கும் இவ்விரண்டையும் சேர்த்துப் பயிற்றலாம். படத்தில் கொடுமைக் காட்சிகள் உள்ளமையால் ஆரம்பப் பள்ளிச் சிறுவர்க்கு ஆகாது. நாவலை ஆங்கிலத்தில் 1935இல் ஒருவரும் 2018இல் மற்றொருவரும் பெயர்த்துள்ளனர். பின்னது ஓட்டமாகப் படிக்கத்தக்கது. கோவாவின் புலம்பலில் சலிப்புறும் வாசகர் முதற்பகுதியை விரைந்து கடந்துவிடலாம். சில்வா இரண்டாம் பகுதியில் வருகிறார்.